பதினோராவது வாரத்தில் ஏறிய படிகள்

அம்மாவின் வயிற்றில் ஒரு திறப்பு இருப்பதை நான் கண்டுபிடித்தது ஒரு தேர்வுக்குத் தயாரானபோது. பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு. ஒவ்வொரு தசையையும் கையால் சோதித்து, அதன் வலுவுக்கு மதிப்பெண் சொல்ல வேண்டிய செய்முறைத் தேர்வு. திருப்பதி விடுதியில் தோழிகள் ஒருத்தி மேல் ஒருத்தி செய்து பார்த்துக்கொண்டோம். நகரிக்கு வீட்டுக்கு வந்தால் அம்மாதான் என் நோயாளி. கழுத்து, தோள், முழங்கை என்று பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே வயிற்றுக்கு வந்தேன். பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளச் சொல்லி, தலையை மட்டும் தூக்கச் சொன்னேன்.

தூக்கினாள். தொப்புளுக்குக் கீழே, என்னை வெளியே எடுத்த பழைய தழும்பின் நடுவில், பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ எழுந்து நின்றது.

"இன்னாம்மா இது?"

"அதுவா? பந்து. உன்ன பெத்ததுலேந்து கீது. தலைய எறக்கட்டுமா? சோறு வெந்துகினு கீதுடி."

தலையை இறக்கியதும் அது உள்ளே போய்விட்டது. பக்கத்தில், சோதனைக்காக அவள் அவிழ்த்து வைத்திருந்த துணிப்பட்டை கிடந்தது. தறியில் இழை அறுந்து பாழான துணியிலிருந்து நீளமாகக் கிழித்து நாலாக மடித்தது. அந்த மாதிரிப் பட்டைகள் கொடியில் காய்வதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். இடுப்பு வலிக்குக் கட்டுகிறாள் என்று நினைத்திருந்தேன். காலையில் தறிக்குப் போவதற்கு முன் மூச்சை இழுத்துப் பிடித்து அதை இறுக்கிக் கட்டி, மேலே புடவையைச் சுற்றிக்கொள்வாள். பந்தை அமுக்கி மறைக்கத்தான் அது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வயிற்றின் முன்பக்கம் வெறும் தோலும் கொழுப்பும் அல்ல. உள்ளே தசை இருக்கிறது, தசையை மூடி நாராலான கெட்டியான ஓர் உறை இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்த இடத்தில் அந்த உறை, தைத்து ஒட்டுப்போட்ட துணிதான். ஒட்டு பிரிந்தால் குடல் அந்தச் சந்தில் தலை நீட்டும். குடலிறக்கம் என்பது அதுதான். மேலே பட்டை கட்டினால் தலை நீட்டுவது வெளியே தெரியாது, சந்து மூடாது. இதையெல்லாம் அன்று மாலையே அம்மாவுக்கு நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். "நல்லா போட்டுகீற," என்றாள்.

எங்கள் வீட்டின் முன்னறையில் இரண்டு விசைத்தறிகள். நைனாவும் அம்மாவும் ஆளுக்கு ஒன்று பார்ப்பார்கள். பாவு தீர்ந்தால், புதுப் பாவு சுற்றிய பீமைத் தரையிலிருந்து தூக்கித் தறியில் ஏற்ற வேண்டும். இரும்பு உருளை, அதன் மேல் நூறு புடவைக்குமேல் நெய்யக்கூடிய நூல். ஒரு முனையில் நைனா, மறுமுனையில் அம்மா. முன்பெல்லாம் அக்கம்பக்கத்து ஆண்கள் வந்து கை கொடுப்பார்கள். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷங்களில் தெருவில் பாதிப் பேர் கம்பெனி பஸ் ஏறத் தொடங்கியிருந்தார்கள். சிலர் ரேணிகுண்டா பக்கத் தொழிற்சாலைகளுக்கு, சிலர் ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீபெரும்புதூருக்கு, சிலர் குடும்பத்தோடு திருப்பூருக்கு. தறிச் சத்தம் தெருவில் குறையக் குறைய, எங்கள் வீட்டில் பீம் தூக்க அம்மா மட்டும் மிஞ்சினாள்.

ஆபரேஷன் வேண்டாம் என்பதற்கு அவளிடம் மூன்று காரணங்கள் இருந்தன. தறியை யார் பார்ப்பது என்பது ஒன்று. ஏற்கெனவே ஒருமுறை வெட்டியதால்தானே இந்த வினை, மறுபடி அதே இடத்தில் வெட்டுவதா என்பது இரண்டாவது. வலிக்கவே இல்லை என்பது மூன்றாவது. முதல் இரண்டும் நிஜம்.

நான் படிப்பை முடித்துத் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், பீமைத் தூக்கிய கையோடு அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பந்து கல்லாகி உள்ளே போக மறுத்தது. இரண்டு முறை வாந்தி. நைனா அவளைப் புத்தூர் வழியாக பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள், குலுக்கலிலோ என்னவோ, அது தானாக உள்ளே போயிருந்தது. எங்கள் அறுவை மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்போ போயிடுச்சு. அடுத்த தடவை போகலைன்னா குடல் நெறிபட்டு அழுகிடும். அப்புறம் அர்ஜென்ட்டா வெட்டணும்," என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அப்படித்தான் சம்மதித்தாள்.

சந்தைத் தைத்து, அதற்கு மேல் ஒரு வலையை வைத்துப் பொருத்துவதாக அவர் விளக்கினார். மேஜையில் மாதிரிக்கு ஒரு துண்டு இருந்தது. நைனா அதைக் கையில் வாங்கினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தார். நீளவாக்கில் இழுத்தார், குறுக்கே இழுத்தார், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சார், இது எத்தினி நம்பர் நூலு?"

மருத்துவர் சிரித்துவிட்டார். "அதி நாக்கு தெலீதய்யா. கம்பெனிக்காரனத்தான் கேக்கணும்."

"இது நெய்ஞ்சது இல்ல சார், பின்னுனது. இஸ்தா குடுக்குது. நல்ல சரக்குதான். ஆனா ஓரத்துல இன்னா பண்ணுவீங்கோ?"

"சுத்தித் தையல் போடுவேன்."

"அங்கதான் சார் பாத்துக்கணும். துணி நடுவுல பிரியாது."

"யோவ், டாக்டருக்கே தொழில் கத்துக் குடுக்கிறியா?" என்றாள் அம்மா. மருத்துவர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "கரெக்ட்டுதாம்மா அவரு சொல்றது," என்றார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பிய நாளில் நான் பெரிய எழுத்தில் ஒரு பட்டியல் எழுதி, தறி சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பதினொரு வரிகள். பன்னிரண்டு வாரத்துக்குத் தண்ணீர்ச் சொம்புக்கு மேல் கனம் தூக்கக் கூடாது என்பது முதல் வரி. பீமைத் தொடவே கூடாது என்பது இரண்டாவது. இருமினால், தும்மினால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள். எழும்போது நேராக எழாதே. ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழு. முக்காதே, அதற்காகக் கீரையும் தண்ணீரும். பழைய துணிப்பட்டை கூடாது, ஆஸ்பத்திரியில் கொடுத்த பெல்ட் மட்டும். தினமும் நட. டாக்டர் சொன்ன பிறகு, மூன்றாவது வாரத்திலிருந்து படுத்தபடி பயிற்சி: மூச்சை மெல்ல வெளியே விட்டுக்கொண்டே அடிவயிற்றை லேசாக உள்வாங்கி ஐந்து எண்ணு, பிறகு விடு, அது பழகியதும் ஒரு குதிகாலைப் பாயிலேயே மெல்ல நகர்த்தி நீட்டு, மடக்கு, அடுத்த கால். டி.வி.யில் தொப்பை குறைக்கக் காட்டுகிற, படுத்து எழுந்து உட்காருகிற பயிற்சி மட்டும் வேண்டவே வேண்டாம். இடுப்பிலிருந்து குனியாதே. மூச்சைப் பிடிக்காதே.

அம்மா அதைப் பத்தியம் போலக் கடைப்பிடித்தாள். தலையணை சமையலறைக்கும் கூடவே போனது.

"இன்னாமே, பொழுதுக்கும் தலாணிய கட்டிக்கினே கீற? என்ன உட்டுட்டியா?" என்பார் நைனா.

"தலாணி கொறட்ட உடாது."

பாவு தீர்ந்தால், அடுத்த தெருக்காரர் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்வரை தறி சும்மா நின்றது. அம்மா பீமின் பக்கம்கூடத் திரும்பவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான் வந்து, பாயில் படுக்கவைத்துத் தலையைத் தூக்கச் சொல்வேன். வயிறு தட்டையாக, முழுதாக இருந்தது. அந்த வாரங்களில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைப் பிற்பாடு எதிலும் நான் உணர்ந்ததில்லை.

பத்தாவது வாரம் குவைத்திலிருந்து விசா வந்தது. அங்கே ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலை. அதற்கு முன் இரண்டு முறை முயன்று தோற்றிருந்தேன். முதல் தடவை சென்னையில் நேர்முகத்திலேயே கழித்துவிட்டார்கள், இரண்டாவது தடவை காகிதங்கள் திரும்பி வந்தன. இந்த முறை பதினைந்து நாளில் புறப்பட வேண்டும். செய்தியைச் சொன்னதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "எப்போ போலாம் கீழ்த் திருப்பதிக்கு?" என்றாள்.

அந்தக் காகிதங்கள் திரும்பி வந்த அன்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அலிபிரியிலிருந்து மலைமேல் வரை ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதாக. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரும் வேண்டிக்கொள்வதுதான். மொக்கு என்று தெலுங்கிலேயே சொல்வார்கள். படிகள் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல்.

"உனக்குப் பதிலா நான் வெக்கிறேம்மா."

"நீ வெச்சா அது உன் மொக்கு. என்து அப்பிடியே நின்னுக்கினு இருக்கும்."

"அடுத்த வருஷம் லீவுல வந்ததும் சேந்து போலாம். உனக்கும் வயிறு நல்லா ஆயிருக்கும்."

"நீ ப்ளேன் ஏறத்துக்குள்ள வெக்கிறேன்னு சொல்லிட்டேன்டி. அவரு குடுத்துட்டாரு. நான் குடுக்காத வெச்சிக்கினு இருக்கிறதா?"

இங்கே நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்டிருந்தால் அவர் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். அவர் என்ன சொல்வார் என்று தெரிந்ததால்தான் நான் கேட்கவில்லை. இரண்டு முறை போகாத காரியம் வேண்டுதலுக்குப் பிறகு போயிருக்கிறது. அதைத் தீர்க்காமல் கிளம்பினால் அங்கே ஏதாவது முறியும் என்ற எண்ணம், இத்தனை படித்த என் மண்டைக்குள்ளும் இருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, வேண்டுதலையே உடற்பயிற்சியாக மாற்றிக்காட்டுகிறேன் என்று கிளம்பினேன். நோட்டில் ஒரு பக்கத்துக்குத் திட்டம் எழுதினேன். பெல்ட் கட்டாயம். குனியாமல் குந்தி வைக்க வேண்டும். எழும்போது மூச்சை வெளியே ஊத வேண்டும். பத்துப் படிக்கு ஒருமுறை நிமிர்ந்து நிற்பது, நூறு படிக்கு ஒருமுறை உட்காருவது. பாத்திரம், பை எல்லாம் நான். எழுதி முடித்ததும் அது சாத்தியமானதாகவே தெரிந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு முப்பது குந்தி எழுதலுக்கு மேல் நான் எழுதிக் கொடுத்ததே இல்லை. பெருக்கிப் பார்க்கவில்லை.

பதினோராவது வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அலிபிரியில் தொடங்கினோம். நைனா தறிக்குக் கரண்டு வருகிற நேரம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். ஒரு கிண்ணத்தில் குழைத்த மஞ்சள், ஒரு டப்பாவில் குங்குமம், இரண்டும் என் கையில். அம்மா குந்தி, மூன்று விரலால் இழுத்து, பொட்டு வைத்து எழுவாள். "ஊதும்மா," என்பேன்.

"அடுப்பு ஊதுற மாறி கீதுடி."

"பரவால்ல, ஊது."

முதல் முந்நூறு படிகள் என் நோட்டில் எழுதியபடியே நடந்தன. அதற்குப் பிறகு ஏற்றம் செங்குத்து. பின்னால் அதே வேண்டுதலோடு வந்துகொண்டிருந்த பெண்கள் எங்களைப்போல நிமிரவில்லை. குனிந்தவர்கள் குனிந்தபடியே, கை படியில் பட, அடுத்த படி, அடுத்த படி என்று ஊர்ந்து வந்தார்கள். நாங்கள் பத்துக்கு ஒருமுறை நின்றது அவர்களுக்கு இடைஞ்சல். "ஜரகண்டம்மா," என்றாள் ஒருத்தி, கோபமில்லாமல். அம்மா நகர்ந்தாள். நகர்ந்தவள் நிமிரவில்லை. அவர்களுடைய வேகம் அவளுக்குள் ஏறிவிட்டது.

பாதி மலையில் வரும் காலிகோபுரத்தைத் தாண்டியபோது நான் எண்ணுவதை விட்டிருந்தேன். அம்மா வாய் ஓயாமல் கோவிந்தா சொன்னாள்; ஊதுவதற்கு வாய் ஏது? இடுப்பிலிருந்துதான் குனிந்தாள். மலை முடியப்போகிற இடத்தில் முழங்கால் முட்டும் படிகள் வரும். அங்கே கைகளையும் ஊன்றி ஏறினாள். "போதும்மா, இங்கியே நிறுத்திடலாம்," என்றேன்.

"வாய மூடிக்கினு கோவிந்தா சொல்லு."

சொன்னேன். அதை மறைத்து எழுத முடியாது. மஞ்சள் அப்பிய கையோடு அவளுக்குப் பின்னால் நானும் சொல்லிக்கொண்டே ஏறினேன்.

மேலே போய் உட்கார்ந்ததும் அம்மா அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டாள்.

"நோவுதா?"

"இல்ல. இஸ்துக்கினு கீது, அவ்ளோதான். முடிஞ்சிது பாரு. இனிமே நீ எங்க வேணா போ."

புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம், பாயில் படுக்கவைத்துக் கடைசியாக ஒருமுறை சோதித்தேன். பக்கத்தில் என் பெட்டி திறந்து கிடந்தது. தலையைத் தூக்கினாள். தழும்பு அசையவில்லை. வலையின் ஓரம் இருக்கும் இடத்தைத் தடவிக்கொண்டே வந்தேன். இடப்பக்கம், கீழ் மூலையில், விரல் நுனி உள்ளே இறங்கியது. இருமச் சொன்னேன். உள்ளிருந்து ஏதோ விரலை முட்டித் தள்ளியது.

"இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லம்மா. ஆபரேஷன் பண்ண எடத்துல தண்ணி கோத்துகினு இருக்கும். கொஞ்ச நாள்ல வத்திடும்."

தண்ணீர் கோப்பது உண்டு. புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் இருமினால் விரலை முட்டாது. அதுவும் புத்தகத்தில் இருக்கிறது, அதே பக்கத்தில். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலின் அடியில், 'கட்டி தெரிந்தால் டாக்டரிடம் காட்டு' என்று பன்னிரண்டாவது வரி எழுதினேன். மற்ற வரிகளைவிடச் சின்ன எழுத்தில். மறுநாள் சென்னையில் விமானம் ஏறினேன்.

குவைத்திலிருந்து பேசும்போதெல்லாம் அம்மா நன்றாகவே இருந்தாள். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் முதல் இரண்டு வரிகளைப் பேனாவால் அடித்துவிட்டு நைனாவோடு பீம் தூக்க ஆரம்பித்திருந்தாள். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. பட்டியலின்படி அதில் தப்பு ஏதும் இல்லை. ஏழாவது மாதம் ஒரு நாள் நைனா கூப்பிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவின் இரைச்சல் கேட்டது.

"வாந்தி எடுத்துக்கினே கீதும்மா ஒன்றர நாளா. வயிறு கல்லு மாறி ஆயிடுச்சி. வா, போலாம், போலாம்னு நானும் சொல்றேன். எங்க கேக்குது? 'பாப்பா சொல்லிச்சி, அது தண்ணிதான், வத்திடும்'ன்னு சொல்லிக்கினே கெடந்தது. இப்போ உள்ள இட்டுக்கினு போயிட்டாங்கோ."

நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஓரச் சந்தில் மாட்டி நெறிபட்ட குடல் கறுத்துவிட்டிருந்தது. ஒரு முழத்துக்குக் குறையாமல் வெட்டியெடுத்து மீதியை இணைத்திருந்தார்கள். சீழ் பிடிக்கும் என்பதால் வலையையும் எடுத்தாயிற்று. வெறும் தையல்தான். "ஓரத்துலதான்," என்றார் மருத்துவர். நான் அவரிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: வாரம், படி, விரல், தண்ணீர். படியால்தான் பிரிந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, எப்படியும் பிரிந்திருக்கலாம் என்றார். விரல், தண்ணீர் என்ற கடைசி இரண்டுக்கு மட்டும் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

தையல் நிற்கவில்லை. சந்து மறுபடி திறந்தது, இந்த முறை நீளமாக. இன்னொரு ஆபரேஷனை அந்த வயிறு இப்போதைக்குத் தாங்காது என்கிறார்கள். ஒரு தறியை இரும்பு விலைக்குப் போட்டாயிற்று. மற்றொன்றுக்கு நைனா பாதி நீளப் பாவாகச் சுற்றி வாங்குகிறார், தனியாளாகத் தூக்க. அம்மா காலை முதல் படுக்கும்வரை பெல்ட்டோடு இருக்கிறாள். பாதித் தட்டுச் சோறுதான் தின்கிறாள்.

வருஷத்துக்கு ஒருமுறை வருகிறேன். வந்த முதல் மதியம் பாயில் படுக்கவைத்துத் தலையைத் தூக்கச் சொல்லி, திறப்பின் அகலத்தை விரல்களால் அளந்து நோட்டில் எழுதுகிறேன். முதல் வருஷம் இரண்டு விரல். அடுத்து மூன்று. போன லீவில் அளக்கும்போது, விரல்களை எடுக்காமலே, அன்றைக்கு அது தண்ணீர் இல்லை, எனக்கு அப்போதே தெரியும் என்று சொன்னேன்.

அம்மா தலையை மெல்ல இறக்கினாள். முன்னறையில் நைனாவின் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"ஒன்றர நாளு நோவு தாங்க முடியலடி எனக்கு," என்றாள். "தண்ணிதான், தண்ணிதான்னு பல்ல கடிச்சிக்கினு கெடந்தேன்."

பிறகு அவளே கேட்டாள்.

"இப்போ எத்தினி?"

"நாலு."

"நெஜமாத்தான சொல்ற?"

"நெஜம்மா."

என் கையை விலக்கிவிட்டுத் தன் கையை அங்கே வைத்துப் பார்த்தாள். நூல் இழுத்து இழுத்துத் தடித்த விரல்கள். "என் விரலுக்கு மூணுதான் வருது," என்றாள். பிறகு சுவர் பக்கம் ஒருக்களித்து, கையை ஊன்றி, பட்டியலில் நான் எழுதியிருந்தபடியே எழுந்து, பெல்ட்டை எடுத்துத் தரச் சொன்னாள்.